கோகிலவாணியின் வண்டியைத் தொட்ட கை

கோகிலவாணியின் ஸ்கூட்டரை வேறு யார் தொட்டாலும் கை ஒட்டிக்கொள்ளும். அவள் வந்து, ஒட்டியவர் தனக்கு யார் என்று வாய்விட்டுச் சொன்னால்தான் பிரியும். நாமகிரிப்பேட்டையில் இதை யாரும் பெரிய சங்கதியாகப் பேசுவதில்லை. மஞ்சள் மண்டியில் அன்றைய ஏலம் எப்படிப் போனது என்று விசாரிப்பவர்கள், அதே குரலில், இன்றைக்கு அந்தப் பிள்ளையின் வண்டியில் யார் ஒட்டினார்கள் என்றும் விசாரித்துவிட்டுப் போவார்கள்.

அவள் ராசிபுரத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். கணவன் கலையரசனுக்கு மண்டியில் எடைபோடும் வேலை. அவர்கள் அந்த ஸ்கூட்டரை வாங்கிய வருஷத்தில் ராசிபுரம் பக்கம் வண்டித் திருட்டு அதிகமாக இருந்தது. பஸ் ஸ்டாண்டில் போனது, ஆஸ்பத்திரி வாசலில் போனது, ஒரு கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை தாலி கட்டிக்கொண்டிருக்கும்போதே அவருடைய வண்டி போனது. கலையரசன் ஹேண்டில் பூட்டை நம்பாமல் சக்கரத்துக்குச் சங்கிலி போட்டான். சங்கிலியை நம்பாமல் அலாரம் மாட்டினான். அலாரமோ லாரி போனாலும் கத்தியது, காற்றடித்தாலும் கத்தியது, கடை முதலாளி அதைக் கழற்றச் சொன்னார். கடைசியில் மாமியார் பாவாயிதான் அவளை மஞ்சள் காட்டோரம் இருக்கும் குலசாமி கருப்பணாரிடம் கூட்டிப்போனாள். பூசாரி ஹேண்டிலில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டு, வேண்டுதலை உன் வாயாலேயே சொல் என்றார். கோகிலவாணி கண்ணை மூடிக்கொண்டு, "தொட்டவன் கை அங்கயே நிக்கோணுஞ் சாமி. நான் வந்து இன்னாருன்னு சொல்ற வரைக்கும் வரக்கூடாது" என்றாள். அவள் மனதில் இருந்தது திருடன். சாமி சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டது.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு ஆடு முன்னங்காலை வண்டியில் வைத்துவிட்டு எடுக்க முடியாமல் கத்தியது. "பக்கத்து ஊட்டு ஆடுங்க" என்று அவள் சொன்னதும் கால் வந்தது. பிறகு துணியால் துடைக்கப் போன கலையரசன் ஒட்டினான். "எங்க ஊட்டுக்காரருங்க" என்று ஆகாயத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னாள். மகன் யோகேஷ், பெட்ரோல் போடும் பெண், பஞ்சர் கடைக்காரர் என்று ஒவ்வொருவராக ஒட்டிப் பிரிந்தார்கள். ஒருதரம் பிரிந்தவருக்கு மறுபடி ஒட்டவில்லை. ஐப்பசியில் நிஜமாகவே ஒரு திருடன் ஒட்டினான். கீழே விழுந்து கிடந்த வண்டியைத் தூக்கி நிறுத்தத்தான் வந்தேன் என்று சத்தியம் செய்தான். கோகிலவாணி வந்து, "இவன் திருடனுங்க" என்றாள். கை பிரிந்தது. சாமியே ஒப்புக்கொண்டதால் போலீசுக்கு வேறு விசாரணை தேவைப்படவில்லை. அதற்குப் பிறகு கடை வாசலில் எல்லோரும் தங்கள் வண்டிகளை அவள் வண்டியை ஒட்டினாற்போல நிறுத்தத் தொடங்கினார்கள்.

இவ்வளவு சொன்னவள், தன் அண்ணனைப் பற்றி மட்டும் புகுந்த வீட்டில் உண்மை சொன்னதில்லை. எருமப்பட்டிக்காரியான அவளுக்குக் காளியப்பன் ஒரே அண்ணன். அப்பா அம்மா போன பிறகு அவளைப் படிக்க வைத்தவன். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயத்தில், நின்றிருந்த லாரியில் டீசல் உறிஞ்சியபோது பிடிபட்டு சேலம் ஜெயிலுக்குப் போனான். மாப்பிள்ளை வீட்டில் கேட்டபோது, அண்ணன் ரிக் வண்டியோடு போர்வெல் போட வடக்கே போயிருக்கிறான், சத்தீஸ்கரில் இருக்கிறான் என்று அவள் சொன்னாள். அந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் அப்படிப் போவதுதான், யாரும் சந்தேகப்படவில்லை. வெளியே வந்த காளியப்பன் ஒருதரம் போன் பண்ணினான். விஷயத்தைக் கேட்டுக்கொண்டான். "செரி அம்மிணி. நான் வடக்கயே இருந்துக்கறேன்" என்றான். அப்படியே எருமப்பட்டியில் ஒரு கோழிப்பண்ணையில் வேலைக்குச் சேர்ந்து, சத்தீஸ்கரில் இருந்தான். யோகேஷுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடிக்குத் தூரத்துச் சொந்தத்தில் ஒருவரை உட்கார வைத்தார்கள். "உங்கண்ணன் எப்பத்தான் வாராரு?" என்று பாவாயி ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்பாள். "லீவு இல்லீங்களாமா அத்தை" என்று கோகிலவாணி சொல்வாள். சொல்லிச் சொல்லி, பண்ணையில் முட்டை பொறுக்குகிற அண்ணனைவிட, வடக்கே செம்மண் புழுதியில் நிற்கிற அண்ணன்தான் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தான்.

சித்திரை மாதத்து நடுப்பகலில் சூறைக்காற்று அடித்து ஜவுளிக்கடை வாசலில் அவளுடைய ஸ்கூட்டர் சாய்ந்தது. வாட்ச்மேன் வேல்முருகன் டீக்குப் போயிருந்தான். பக்கத்து மளிகைக் கடைக்கு முட்டை இறக்க வந்த பண்ணை வேனிலிருந்து காளியப்பன் இறங்கினான். அது யாருடைய வண்டி என்று அவனுக்குத் தெரியாது. பெட்ரோல் ஒழுகுவதைப் பார்த்தான். கையிலிருந்த முட்டை அட்டையைக் கீழே வைத்துவிட்டு, சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியை வலது கையால் பிடித்துத் தூக்கி நிறுத்தினான். கை வரவில்லை.

ஆள் வந்து கூப்பிட்டு, கோகிலவாணி மாடியிலிருந்து கீழே வந்தபோது பெரிய கூட்டம் கூடியிருந்தது. முன்னால் பாவாயியின் தங்கை வீட்டுக்காரர் கண்ணுசாமி நின்றுகொண்டிருந்தார், மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தவர். அவருக்குப் பின்னால் கடை முதலாளி. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு வரிசை ஆட்கள். அதுவரை, "உழுந்து கெடந்துச்சுங்க, தூக்கித்தானுங்க நிறுத்தினேன்" என்று காளியப்பன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். முந்தைய திருடனும் அதையேதான் சொன்னான் என்பதால் சிரித்தார்கள். அவளைப் பார்த்ததும் அவன் பேச்சு நின்றது. முன்தலை வழுக்கையாகியிருந்தது. சட்டையில் கோழிப்பண்ணை வாடை அடித்தது. அவன் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். அதை அவள் பார்த்தாள். பிற்பாடு எத்தனையோ வருஷம் அவளால் மறக்க முடியாமல் போனது அதுதான்.

"ஏம்மா கோகிலா, உனக்குத் தெரிஞ்ச ஆளா?" என்று கண்ணுசாமி கேட்டார்.

"தெரியாதுங்க" என்றாள்.

காளியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "ஆமாங்க. இந்தம்மாவ எனக்குத் தெரியாதுங்க. நான் திருடத்தானுங்க வந்தேன்" என்றான்.

யாரோ அவன் கன்னத்தில் அறைந்தார்கள். யாருடைய காலோ பட்டு முட்டை அட்டை கவிழ்ந்து, மஞ்சள் கரு தார் ரோட்டில் ஓடியது. "திருடன்னு சொல்லிரும்மா, கை வந்துரும். கூட்டம் கலையட்டும்" என்றார் முதலாளி. அவள் சொன்னாள். தன் காதுக்கே கேட்காதபடி சொன்னதால் எல்லோரும் இன்னொருமுறை சொல்லச் சொன்னார்கள். "திருடனுங்க" என்று உரக்கச் சொன்னாள். கை வரவில்லை. காளியப்பன் அவளுக்கு உதவுகிறவனைப் போலக் கையைப் பலமாக இழுத்துப் பார்த்தான். "நான் திருடன்தானுங்க" என்று கருப்பணாருக்கும் சொல்லிப் பார்த்தான். வரவில்லை. கண்ணுசாமி அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் மேலே போய் பில் போட உட்கார்ந்தாள். போலீஸ் வந்து, கை படாமல் கயிறு போட்டுத் தூக்கி, வண்டியையும் ஆளையும் சேர்த்து முட்டை வேனிலேயே ஏற்றிக்கொண்டு போனது.

மறுநாள் காலையில் வண்டியை எடுத்துவர கலையரசன் கிளம்பினான். வழித்துணைக்குப் பாவாயியும் கிளம்பினாள். கோகிலவாணி தட்டில் சோற்றைப் போட்டபடியே வைத்துவிட்டுப் பின்னால் நடந்தாள். ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் வண்டி நின்றிருந்தது. காளியப்பன் தரையில் உட்கார்ந்து, ஒரு கை மட்டும் மேலே கம்பியில் தொங்க, கண் மூடியிருந்தான். எஸ்.ஐ. எழுந்து வந்து, "இப்பவாச்சும் யாருன்னு சொல்லுங்கம்மா" என்றார்.

"எங்கண்ணனுங்க" என்றாள் கோகிலவாணி.

மரத்தில் இருந்த காக்கைகூட அதற்காக எழும்பிப் பறக்கவில்லை. கலையரசன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பாவாயிதான் கேட்டாள்: "வடக்க இருக்கறான்னியே, அந்த அண்ணனா?"

"வடக்க இல்லீங்க அத்தை. எருமப்பட்டியிலதானுங்க. ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவருங்க. எங்கூடப் பொறந்த அண்ணனுங்க. நேத்து நான்தானுங்க பொய் சொன்னேன்."

எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். அது அப்படியே இருந்தது. அவள் இன்னொருமுறை சொன்னாள், வண்டியின் மேல் தலையை வைத்துக்கொண்டு சொன்னாள், வரவில்லை. பாவாயி வெளியே போனாள். திட்டாமல் போகிறாளே என்று கோகிலவாணி பயந்தாள். கொஞ்ச நேரத்தில் பாவாயி டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு வந்து, காளியப்பனுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, "பசியோட இருப்பியே, சாப்புடு சாமி" என்று பிய்த்து நீட்டினாள். அடித்திருந்தால்கூடத் தேவலை என்று கோகிலவாணி நினைத்தாள்.

பூசாரியைக் கேட்டார்கள். "ஒருக்காச் சொன்னது சாமி காதுல உழுந்திருச்சு. மறுபேச்சு அது கேக்கறதில்லீங்க" என்றுவிட்டார். மெக்கானிக் கம்பியைக் கழற்றப் பார்த்தான், நட்டு திரும்பவில்லை. அறுக்கப் பார்த்தான், பிளேடு மழுங்கியது. ஆகவே அவள் வண்டியை ஓட்ட, காளியப்பன் பின்னால் உட்கார்ந்து, பிடித்த கம்பியைப் பிடித்தபடியே நாமகிரிப்பேட்டைக்கு வந்து சேர்ந்தான். வீட்டு வாசலில் தகரக் கூரை போட்டு, வண்டிக்குப் பக்கத்தில் அவனுக்குக் கட்டில் போட்டார்கள். கலையரசன் மாதக் கணக்கில் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் மச்சானுக்குக் குளிக்க ஊற்றுவதும் முகம் வழிப்பதும் அவன்தான்.

அவள் பேசிய வீடியோ ஊரெல்லாம் போனது. பஸ்ஸில் யாரோ போட்டுக் கேட்பார்கள், டீக்கடையில் கேட்பார்கள், யோகேஷின் சிநேகிதர்கள் கேட்பார்கள். கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே அவளுடைய குரல், தெளிவாக, மரியாதையாக, "தெரியாதுங்க" என்று சொல்லும். அவள் எந்தக் கடைக்குப் போனாலும், எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், பின்னால் இருக்கிறவர் யார் என்று மற்றவர்கள் கேட்பதற்குள், "எங்கண்ணனுங்க" என்று சொல்லிவிடுவாள். கேட்காதவர்களிடமும் சொன்னாள். சுங்கச்சாவடியில் சொன்னாள், தபால்காரரிடம் சொன்னாள். சில பேர் சிரித்தார்கள்.

காளியப்பன் மட்டும் சொல்லவில்லை. வீட்டில் இருந்தால் வாய்க்கு வாய் அம்மிணி என்பான். நாலு பேர் முன்னால் அவளை "இந்தம்மா" என்பான். அவள் பில் போடுகிற நேரமெல்லாம் அவன் கடை வாசலில் வண்டியோடு, முதலாளி கொடுத்த ஸ்டூலில், பெரிய குடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பான். அந்தத் தெருவில் அப்புறம் ஒரு வண்டி காணாமல் போகவில்லை. ஜனங்கள் ஹெல்மெட்டை அவனிடம் கொடுத்தார்கள், காய்கறிப் பையைக் கொடுத்தார்கள், தூங்குகிற குழந்தையை மடியில் விட்டுவிட்டுப் புடவை பார்க்கப் போனார்கள். யாராவது வண்டியைப் பற்றிக் கேட்டால், "இந்தம்மா வண்டிங்க, பில்லு போடறாங்களே, அவுங்களுது" என்பான். பக்கத்தில் கோகிலவாணி நின்றால் அவளைப் பார்க்காமலேயே சொல்வான். "ஏனுங்ணா இப்படிச் சொல்றீங்க?" என்று அவள் ஒருநாள் அழுதுகொண்டு கேட்டாள். "பழகிப்போச்சு அம்மிணி" என்றான். அவன் பழிவாங்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். தன்னை இன்னமும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான் என்பதுதான் அவளை அறுத்தது.

வருஷங்கள் அப்படியே போயின. யோகேஷ் மீசை வைத்தான். பாவாயி இறந்தபோது சுடுகாட்டு வாசல் வரைக்கும் காளியப்பன் வண்டியோடு போனான், கலையரசன் தள்ளிக்கொண்டு போனான். வண்டியின் சாயம் வெளுத்தது. கம்பி துருவேறியது, அவன் விரல்களைச் சுற்றி மட்டும் பளபளவென்று இருந்தது.

போன கார்த்திகையில் ஒரு மதியம், ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து முகூர்த்தப் புடவைக்கு வந்த ஒரு பெண், விஷயம் தெரியாமல், தன் பையை அந்த வண்டியின் மேல் வைக்கப் போனாள். கோகிலவாணி சாப்பாட்டுத் தூக்கோடு படியிறங்கிக்கொண்டிருந்தாள். காளியப்பன் மடியில் யாருடைய குழந்தையோ தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்பாமல் இடது கையை மட்டும் நீட்டித் தடுத்தான்.

"தொடாதீங்க, ஒட்டிக்கும். எந்தங்கச்சி வண்டிங்க" என்றான்.

அந்தப் பெண் சரி என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். கோகிலவாணி படியிலேயே நின்றாள். அவள் பார்த்தது கம்பியில் இருந்த அந்தக் கையை. இப்போது வரும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். வரவில்லை. காளியப்பன் தான் சொன்னதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. குழந்தையின் வாயோரத்து எச்சிலைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஏன் அம்மிணி நின்னுட்டே? பசிக்குது" என்றான்.

அவள் வந்து ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தூக்கைத் திறந்தாள். அன்றைக்குக் கத்தரிக்காய்க் குழம்பு. அவனுக்கு இடது கையில் ஸ்பூனைக் கொடுத்துவிட்டு, குழந்தையைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டாள்.