வருகைப் பதிவேட்டில் பத்தாவது பெயர்

வீட்டுக்கு ஓர் ஆள் கூட்டத்துக்கு வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பான் கிழவர் வீட்டில் இருந்ததே ஓர் ஆள்தான். அதனால் அவரே போனார்.

ஹுவா நாம் என்ற அந்த மலையூரில் மொத்தம் இருபத்துமூன்று வீடுகள். பொது வீட்டின் மூங்கில் தரையில் இருபத்துமூன்று பேரும் காலை மடக்கி உட்கார்ந்ததும், ஊர்த்தலைவன் சோம் ஒரு தாளை எடுத்து வாசித்தான். கீழேயிருந்து, கல்வி அலுவலகத்திலிருந்து வந்த தாள். கீழேயிருந்து வந்த தாள் எதிலும் இந்த ஊருக்கு நல்லது எழுதியிருந்ததாகப் பானுக்கு நினைவில்லை. இதிலும் இல்லை. பத்துப் பிள்ளைகளுக்குக் குறைந்த கிளைப் பள்ளிகளையெல்லாம் மூடவேண்டும், பிள்ளைகள் கீழே பெரிய பள்ளியில் சேரவேண்டும் என்று எழுதியிருந்தது. ஹுவா நாமில் ஒன்பது பிள்ளைகள்.

பெரிய பள்ளி பதினோரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை அங்கேயே தங்கல், அங்கேயே சோறு. சனி ஞாயிறு மட்டும் வீடு.

இளவட்டத் தகப்பன்கள் நாலைந்து பேர் மூடினால் நல்லது என்றார்கள். அங்கே கறி போடுகிறார்கள், கம்ப்யூட்டர் இருக்கிறது, இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் தப்பில்லை. இங்கே இருப்பது ஒரே அறை, ஒரே டீச்சர். முன்சுவரில் ஒரு கரும்பலகை, பின்சுவரில் ஒன்று. ஒன்றாம் வகுப்பு அந்தப் பக்கம் பார்த்தும் இரண்டாம் வகுப்பு இந்தப் பக்கம் பார்த்தும் முதுகோடு முதுகாக உட்கார்ந்திருக்கும். நடுவில் ஹான் டீச்சர் நாளெல்லாம் திரும்பித் திரும்பி நிற்பாள்.

பெங் என்பவள் எழுந்தாள். புருஷன் செத்தவள், ஒரே பெண், ஆறு வயது.

"எம்பொண்ணு ராத்திரி என் விரலைப் புடிச்சாத்தான் தூங்குவா. நாப்பது புள்ளைங்க படுக்குற ரூம்ல அவ யார் விரலைப் புடிப்பா? கம்ப்யூட்டர் விரலையா?"

சிலர் சிரித்தார்கள். பெங் சிரிக்கவில்லை. கைதூக்கச் சொன்னபோது பதினான்கு கை பள்ளி வேண்டும் என்றது, எட்டு கை வேண்டாம் என்றது. பான் எதற்கும் தூக்கவில்லை. என்ன மாமா என்று சோம் கேட்டதற்கு, மூடினாலும் திறந்தாலும் எனக்கென்ன என்றார். சோம் அவருடைய செத்துப்போன மனைவிக்கு அண்ணன் மகன். அந்த உறவில்தான் மாமா.

எனக்கென்ன என்று அவர் சொன்னது சுத்தப் பொய். பள்ளிக்கூடம் அவர் வீட்டுக்கு இருபது எட்டு வைக்கிற தூரத்தில் கீழே இருந்தது. மனைவி போய் நான்கு வருஷம். மகன் தூங் பெண்டாட்டி பிள்ளையோடு தாழ்நாட்டில் போன் தயாரிக்கிற ஃபாக்டரிக்கு வேலைக்குப் போனவன், கடைசி இரண்டு புத்தாண்டுக்கும் வரவில்லை. காலை ஏழரையிலிருந்து நாலு மணி வரை அந்த ஒன்பது பிள்ளைகள் போடுகிற சத்தம்தான் பான் வீட்டில் இருந்த சத்தம். அதைப் பற்றி டீச்சரிடம் வாரம் ஒருமுறை போய்ச் சண்டை போடுவார். கோழிகள் மிரண்டு முட்டை வைப்பதில்லை என்பார். அந்தச் சண்டை இல்லாவிட்டால் அந்த வாரம் அவர் யாரோடும் பேசியிருக்க மாட்டார்.

கை எண்ணி என்ன பயன், பத்தாவது பிள்ளைக்கு எங்கே போவது என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அப்போதுதான் சோம் மெதுவாகச் சொன்னான்.

"மாமா, உங்க பேத்தி கேயோவுக்கு ஆறு வயசு முடிஞ்சுடுச்சு. அவ பேரு இன்னும் உங்க குடும்பப் புத்தகத்துலதான இருக்கு?"

இருபத்திரண்டு தலையும் அவர் பக்கம் திரும்பியது. பானுக்கு அத்தனை பேர் ஒன்றாகத் தன்னைப் பார்த்ததே பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

மறுநாள் சிக்னல் கிடைக்கிற வளைவில் நின்று மகனுக்குப் போன் போட்டார். என்ன சொல்வது என்று விடியலிலிருந்து யோசித்து வைத்திருந்தார். குழந்தையை அனுப்பச் சொல்லி ஊர் கேட்கிறது, பள்ளிக்கூடத்துக்காகக் கேட்கிறது என்று சொன்னார். தனக்காக என்று ஒரு சொல் இல்லை. அவள் அம்மா விடமாட்டாள் என்றான் தூங். குழந்தைக்கு நம் பேச்சே வராது, வாடகை அறையில் எல்லோரும் தாழ்நாட்டுப் பாஷைதான் பேசுகிறார்கள் என்றான். பிறகு அவனே ஒரு வழி சொன்னான்.

"பேரை வேணும்னா எழுதிக்கோங்கப்பா. இங்க அவ படிக்கிற எடத்துல பேப்பரெல்லாம் யாரும் கேக்கல. பேரு அங்க இருக்கட்டும், புள்ள இங்க இருக்கட்டும்."

பான் ஊருக்கு வந்து அதைச் சொன்னதும் எல்லோருக்கும் அதுவே போதுமென்று ஆகிவிட்டது. பெங் அன்று சாயங்காலம் வாழையிலையில் சுற்றிய ஒட்டரிசிச் சோறும் சுட்ட மீனும் கொண்டுவந்து அவர் ஏணிப்படியில் வைத்துவிட்டுப் போனாள். ஹான் டீச்சருக்குத்தான் மனமில்லை. அவள் தாழ்நாட்டுக்காரி, பள்ளிக்குப் பின்னால் ஒட்டுத்திண்ணை மாதிரி ஓர் அறையில் எட்டு வருஷமாக இருப்பவள். பதிவேட்டில் பெயர் இருந்தால் நான் கூப்பிடுவேன், கூப்பிட்டால் யாராவது பதில் சொல்லவேண்டும், அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சோமிடம் சொல்லிவிட்டாள். பதில் சொல்லப் பிள்ளைகளே பழகிக்கொண்டார்கள்.

முதல் நாள் பான் வீட்டுப் பின்புறத் தளத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கீழே பெயர் கூப்பிடும் சத்தம் வந்தது. ஒன்பது பெயர் முடிந்தது.

"க்வாங் தீ கேயோ."

"உள்ளேன் டீச்சர்!" என்று யாரோ ஒரு குட்டிக் குரல்.

கையிலிருந்த சட்டியை அவர் கீழே வைத்தார். அந்த வீட்டில் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்ல ஆளில்லாமல் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு தினமும் ஏழரைக்கு அவருக்குத் தளத்தில் ஏதாவது வேலை இருந்தது. கழுவின சட்டியையே திரும்பக் கழுவினார். இன்று கேயோ யார் என்று பிள்ளைகளுக்குள் சண்டை நடக்கும், முறைபோட்டுப் பதில் சொல்வார்கள். சில நாள் இரண்டு பேர் சேர்ந்து சொல்வார்கள், டீச்சர் திட்டுவாள். விளையாட்டிலும் அந்தப் பெயர் ஏறிக்கொண்டது. இல்லாத ஒருத்தியைத் தேடிப்பிடிக்கிற ஆட்டம். கேயோ மரத்துக்குப் பின்னால், கேயோ தண்ணீர்த் தொட்டிக்குள் என்று நாளெல்லாம் கூப்பாடு. பான் அந்த மாதம் கோழியைப் பற்றிச் சண்டைக்குப் போகவில்லை.

நாலாவது வாரம் பான் வளைவுக்குப் போயிருந்தபோது தூங் போன் பண்ணினான். குழந்தைக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் காட்டியாகிவிட்டது, ஒன்றுமில்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் இறங்கவில்லை.

"பகல்ல கூட கொஞ்சம் பரவால்லப்பா. காலையிலதான் ஒரேயடியா துவண்டுபோய்க் கெடக்குறா. ஏழு, எட்டு மணிக்கெல்லாம் எழுப்பவே முடியல. கூப்புட்டா கண்ணு தொறக்குறா, ஆனா நம்மளப் பாக்கல."

பான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வளைவிலேயே நின்றார்.

இதை இந்த ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஓர் உடம்பில் எண்பது உயிர்கள், முன்னால் முப்பது, பின்னால் ஐம்பது. பயந்தாலோ விழுந்தாலோ ஒன்று கழன்று அங்கேயே தங்கிவிடும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரும். கேயோ இரண்டு வயதில் மீன் குளத்தில் விழுந்து எழுந்து, அதிலிருந்து சோறு இறங்காமல் கிடந்தபோது, பானின் மனைவி குழந்தையின் சட்டையைக் கூடையில் வைத்து எடுத்துப்போய்க் குளக்கரையில் மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூட்டிவந்தாள். மணிக்கட்டில் நூல் கட்டினாள். உயிர் என்ன வாத்தா, கூப்பிட்டால் பின்னாலேயே ஆடி ஆடி வருவதற்கு என்று பான் அன்றைக்குக் கேலி பண்ணினார். அவருக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பூசாரியிலும் கிடையாது, டாக்டரிலும் கிடையாது.

இப்போதும் நம்பவில்லை. ஆனால் நாலு வாரமாகத் தினமும் ஏழரை மணிக்கு ஒரு மலைமேல் நின்று அந்தக் குழந்தையைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். வந்துவிட்டேன் என்று பதிலும் சொல்கிறார்கள். அங்கே குழந்தை துவண்டு கிடப்பதும் அதே நேரத்தில்தான்.

நேரே டீச்சரிடம் போனார். அந்தப் பெயரைக் கூப்பிடவேண்டாம் என்றார், காரணம் சொல்லவில்லை. அவள் சரி என்றாள். சொன்னபடி மறுநாள் ஒன்பதோடு நிறுத்தினாள். ஆனால் பிள்ளைகள் நிறுத்துவார்களா. டீச்சர் கேயோவை மறந்துட்டீங்க என்று ஒன்பதும் சேர்ந்து கத்தின. மத்தியானம் ஆட்டத்தில் அதே கூப்பாடு. பான் வேலிவரைக்கும் இறங்கிவந்து கையை ஓங்கினார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு ஓடின, ஓடும்போதும் அந்தப் பெயரைத்தான் சொல்லிக்கொண்டு ஓடின. ஐந்தாம் நாள் சோம் வந்து, மாசக் கடைசியில் கீழேயிருந்து அதிகாரி பார்வைக்கு வருகிறார், அன்றைக்குக் கூப்பிடாமல் முடியாது, யாராவது ஒரு பெண்ணைக் கேயோ என்று உட்காரவைக்கவேண்டும் என்றான்.

"கூட்டம் போடு" என்றார் பான்.

வியாழக்கிழமை சாயங்காலம் மறுபடி இருபத்துமூன்று பேர் உட்கார்ந்தார்கள். பான் எழுந்து, என் பேத்தி பேரை அடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான் பேசுவதாக இருந்தார். விடுவார்களா. மகன் ஏதாவது சொன்னானா என்று ஒருவன், கீழே யாராவது மிரட்டினார்களா என்று ஒருவன், வேறு ஏதாவது எதிர்பார்க்கிறாரோ என்று பின்னாலிருந்து ஒருவன். கடைசியில் சொல்லவேண்டி வந்தது. காய்ச்சல் என்றார். காலையில் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள் என்றார். அதற்குமேல் சொல்லத் தேவையில்லை, எல்லோருக்கும் புரிந்துவிட்டது. கிழவர்கள் இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள்.

பெங் மட்டும் ஆட்டவில்லை.

"பெரியம்மா படுக்கையில கெடந்தப்ப பூசாரி தட்டைக் காலால எத்திவிட்ட ஆளு நீங்க, பெரியப்பா. அரிசியத் தின்னுட்டுப் போக வந்திருக்கான்னு சொன்னீங்க. நானும் அங்கதான் இருந்தேன். இப்ப எங்கேருந்து வந்துச்சு உசுரு?"

"எத்தினேன்" என்றார் பான். "அவ பொழைக்கல."

மறுபடி பெங்தான் பேசினாள், குரல் தாழ்ந்துவிட்டது.

"இங்க இல்லாத ஒரு புள்ளைக்காக இங்க இருக்குற ஒம்போது புள்ளைங்களையும் அனுப்பச் சொல்றீங்க. எம்பொண்ணு மூஞ்சியப் பாத்து நாளைக்கு நீங்களே சொல்லிடுங்க. எனக்குச் சொல்ல வரல."

அவள் சொன்னது நியாயம் என்று பானுக்கும் தெரியும். நியாயம் என்பதால் பெயரை விட்டுவைக்க முடியுமா? சோம் பட்டியலை எடுத்துப் பத்தாவது வரியில் கோடு இழுத்தான். கை தூக்கச் சொல்ல அவசியமில்லாமல் போயிற்று. எழுந்து போகும்போது வழக்கமாக நாலு பேர் வாங்க கிழவரே ஒரு வாய் ஊற்றிக்கொண்டு போங்க என்பார்கள். அன்று யாரும் சொல்லவில்லை.

மாசக் கடைசியில் பள்ளி மூடியது. ஹான் டீச்சர் இரண்டு கரும்பலகையில் ஒன்றைக்கூட எடுக்காமல், துணிமூட்டையை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு இறங்கினாள். போகும்போது, இனி உங்கள் கோழி முட்டை வைக்கும் என்றாள். குத்தலாகச் சொன்னாளா, அன்பாகச் சொன்னாளா என்று அவருக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தகப்பன்கள் வண்டியில் பிள்ளைகளை முன்னும் பின்னும் ஏற்றிக்கொண்டு போனார்கள். பெங்கின் பெண் அழவில்லை. பெங் வண்டி மறைந்தபிறகும் வளைவிலேயே நின்றாள். பான் அந்தப் பக்கம் போக நினைத்து, போகாமல் நெல் குத்தப் போனார்.

நாலு நாள் கழித்து அவர் வளைவில் நின்றபோது தூங் போன் பண்ணினான். குரல் தெளிவாக இருந்தது. குழந்தை ஓடியாடுகிறாள், உங்களிடம் சொல்ல மறந்தே போச்சு என்றான்.

"எப்ப எறங்குச்சு?"

"ரொம்ப நாளாச்சேப்பா. போன மாசம்... மூணாவது வாரம் செவ்வாக்கெழமை. மறுநாள் நான் ஷிஃப்ட் மாறினேன், அதான் ஞாபகம் இருக்கு."

பான் விரல்விட்டு எண்ணினார். பெயரை அடித்தது அதே வாரம் வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை அந்தப் பெயர் பதிவேட்டில் இருந்தது. அன்று மத்தியானம்கூடப் பிள்ளைகள் தொட்டியைச் சுற்றி அதைக் கூவிக்கொண்டிருந்தன. அவரே வேலியோரம் நின்று கேட்டார். கூட்டத்துக்கு முன்னால் இந்தப் பயல் ஒரு போன் பண்ணியிருந்தால்?

இதை அவர் யாரிடம் சொல்வது? சோமிடம் சொன்னால் ஊருக்குத் தெரியும். பெங்குக்குத் தெரியும்.

"என்னப்பா, பேச்சையே காணோம்?" என்றான் தூங். "இருங்க, கேயோ பேசணும்கறா. நம்ம பாஷைல நாலு வார்த்தை சொல்லிக் கொடுத்திருக்கேன்."

கரகரவென்று சத்தம் வந்தது. பிறகு ஒரு மூச்சு, போனுக்கு மிக அருகில். தாத்தா என்றது குழந்தை. சொல் உடைந்து வந்தது, ஆனாலும் அவர்கள் பாஷைதான்.

"தாத்தா, நான் யாரு? பேரு சொல்லு."

பான் வாயைத் திறந்தார். பெயர் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. கீழே பள்ளிக்கூடத்துக் கதவு சங்கிலி போட்டுக் கிடந்தது, வளைவில் காற்றுகூட இல்லை. இங்கே சொன்னால் அவள் உயிருக்கு அது நன்றாகக் கேட்கும். செவ்வாய்க்கிழமையே காய்ச்சல் இறங்கிவிட்டது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் என்ன, அவர் வாயால் வரவில்லை.

"சாப்டியா?" என்று கேட்டார்.

குழந்தைக்கு அந்த வார்த்தை தெரியவில்லை. அப்பனிடம் தாழ்நாட்டுப் பாஷையில் ஏதோ சொன்னாள். தூங் சிரித்தான்.

"தாத்தாவுக்கு எம்பேரு மறந்துபோச்சுங்கறாப்பா."

"ஆமா, வயசாச்சுல்ல" என்றார் பான்.