சரிவில் நின்ற கார்

என் கணவர் இனியவனுக்கு டிராக்டர் தெரியும். டிராக்டர் தெரிந்தால் உலகத்தில் எல்லா வண்டியும் தெரியும் என்பது அவர் கட்சி. நான் ஆட்டோமேட்டிக் கார் வாங்கியபோதே, "கியர் போடாம ஓட்டுறதெல்லாம் ஒரு வண்டியா?" என்று முகம் சுளித்தார்.

கிளட்சோடு மல்லுக்கட்டித் தோற்று, நாற்பது வயதில் இந்தக் காரில்தான் ஓட்டப் பழகினேன். குத்தாலத்திலிருந்து திருவிடைமருதூரில் இருக்கும் என் பள்ளிக்கு இப்போது நானே போகிறேன். அவருடைய பைக்குக்காக வாசலில் தவம் கிடந்த காலம் போயிற்று.

அறுவடை முடிந்த கையோடு கார் சத்தம் போட ஆரம்பித்தது. காலையில் கிளப்பி ரிவர்ஸ் போட்டால், அடியில் 'கடக்' என்று ஓர் இடி. அப்புறம் நாள் முழுக்க ஒன்றுமில்லை.

"கியர் பாக்ஸ் போச்சு," என்று இனியவன் தீர்ப்புச் சொன்னார். "ஞாயித்துக்கிழமை கார் புரோக்கர் பிரபு வந்து பாக்குறேன்னிருக்கான். கேட்ட விலைக்குத் தள்ளிடலாம். ஸ்கூலுக்கு நானே கொண்டுபோய் விடுறேன்."

மறுபடியும் வாசலில் தவமா?

சனிக்கிழமை பள்ளி முடிந்ததும் அப்துல் அஜீஸ் பாயின் பட்டறைக்குப் போனேன். இருபது வருடம் துபாயில் ஆட்டோமேட்டிக் கார்களோடு குடும்பம் நடத்தியவர். ஓட்டிப் பார்த்தார், ரிவர்ஸ் எடுத்தார், நிறுத்திக் கிளப்பினார். கார் வாயே திறக்கவில்லை.

"எப்பலேர்ந்து டீச்சர் இந்தச் சத்தம்?"

"நெல்லு மூட்டை வீட்டுக்கு வந்ததுலேர்ந்து பாய்."

கொள்முதல் நிலையத்தில் இடமில்லாமல் மூட்டைகளை, கார் நிற்கும் போர்ட்டிகோவில் அடுக்கியிருந்தோம். வெள்ளத்துக்குப் பயந்து உயர்த்திக் கட்டிய வீடு. அதனால் கார், தெருவிலிருந்து ஏறும் செங்குத்தான சரிவிலேயே நின்றது. அதையும் சொன்னேன். பாய் சிரித்துக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில வர்றேன். ராத்திரி வழக்கம்போல நிறுத்திட்டு, அதுக்கப்புறம் யாரும் வண்டியை எடுக்காதீங்க."

அன்று மாலையும் வழக்கம்போல இனியவன்தான் காரைச் சரிவில் ஏற்றினார். அது எனக்கு வராதாம்.

ஞாயிறு காலை பாய் காரில் ஏறி ரிவர்ஸ் போட்டார். கடக்!

"கேட்டீங்களா?" என்றார் இனியவன், பரிசு வாங்கியவர் போல.

"கேட்டேன் சார். ஹேண்ட்பிரேக் போடலையா?"

"எதுக்கு? டிராக்டரை கியர்ல போட்டு நிறுத்தினா யானை தள்ளினாலும் நகராது. அதே மாதிரி இதை பார்க்ல போட்டுட்டேன்."

"பார்க்ல போட்டா உள்ள ஒரு சின்னக் கொக்கிதான் பிடிச்சுக்கும் சார். ராத்திரி பூரா மொத்தக் காரும் அது மேல சாஞ்சு நிக்குது. காலையில விடுபடும்போது கத்தாம என்ன செய்யும்? கியர் பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு. டீச்சர், நீங்க ஏத்துங்க."

அவர் தெருவில் இறக்கிக் கொடுத்த காரில் உட்கார்ந்து, சரிவில் ஏற்றினேன். பிரேக்கை மிதித்தபடி நியூட்ரல் போட்டேன், ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன், காலை மெல்ல எடுத்தேன். கார் ஹேண்ட்பிரேக்கில் சாய்ந்து நின்றது. அதற்குப் பிறகுதான் பார்க். திரும்பவும் பிரேக்கை மிதித்து ரிவர்ஸ் போட்டேன்.

சத்தமில்லை. அண்டை வீட்டுக் கோழி கொத்துவதுதான் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இனியவன் நெல் மூட்டைகளை எண்ணுவது போல வேறு பக்கம் பார்த்தார். அப்போது அவருடைய போன் அடித்தது. பிரபு.

"வர வேணாம்பா. விக்கல," என்றார். பிரபு ஏதோ கேட்டிருக்க வேண்டும். இனியவன் தலையைச் சொறிந்தார். "கியர் பாக்ஸா? அது நல்லாத்தான் இருக்கு. டிராக்டர்க்காரன் எவனோ நிறுத்தத் தெரியாம நிறுத்தியிருக்கான்."

போனை வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து இன்னொரு சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

"இனிமே சரிவுல நீயே ஏத்திக்க."