உள்ளே நுழைந்த மருந்து

தபால்காரர் வீட்டில் நாய் வளர்கிறது என்பதே அந்தத் தெருவுக்குப் பெரிய வேடிக்கை. முப்பது வருஷமாக நாய்களுக்குப் பயந்து சைக்கிளை மிதித்தவர், ஒரு நாள் கடிதப் பையோடு ஒரு குட்டியையும் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். எங்கேயோ ஒரு பூட்டிய வாசலில் அட்டைப்பெட்டிக்குள் கிடந்ததாம்.

"இதுக்கு விலாசம் இல்ல. அதான் நம்ம வீட்டுக்கே கொண்டாந்துட்டேன்" என்றார்.

"அனுப்புனவங்க யாருன்னு பாத்துத் திருப்பி அனுப்புங்க" என்றாள் மனைவி. அவள் தையல்காரி. சொன்னாளே தவிர, அன்று மாலையே பழைய போர்வையை மடித்துத் தைத்து அதற்கு ஒரு மெத்தை போட்டுவிட்டாள்.

பழுப்பு நிறம், மடிந்த காது, எந்த இனத்தின் சாயலும் இல்லாத முகம். ஆனால் வீட்டில் ஆளுக்கு ஒரு பக்கமாக இருந்தால் அதற்குப் பொறுக்காது. சாப்பாட்டு நேரம் வந்ததும் மாடியிலிருந்து மகளை, தையல் மெஷினிலிருந்து அம்மாவை, பேப்பரிலிருந்து அப்பாவை, ஒவ்வொருவராகக் குதிகாலில் மூக்கால் இடித்து இடித்துக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். ஒருவர் குறைந்தால்கூட மறுபடி தேடிப் போகும். அதனால் அதற்கு மேனேஜர் என்று பெயர் வந்தது.

மூன்றாவது வயதில் மேனேஜருக்குச் சொறி பிடித்தது. மூட்டுகளில் முடி கொட்டி, தோல் சிவந்து தடித்துவிட்டது. தபால்காரர் அதை நாலு தெரு தள்ளியிருந்த கால்நடை டாக்டரிடம் கூட்டிப் போனார். முன்னறையில் இரண்டு பெஞ்சும் ஒரு எடை மேடையும், உள்ளறையில் எவர்சில்வர் மேசையும் கை கழுவும் தொட்டியும், அவ்வளவுதான் அந்த மருத்துவமனை. டாக்டரம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது. தோலைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்; பூச்சிகள் தெரிந்தன. நாயை எடை போட்டார், பதினெட்டு கிலோ. ஐவர்மெக்டின் ஊசியை அளவு கணக்கிட்டு ஏற்றினார். ஆட்டுக்கும் மாட்டுக்கும் நாய்க்குமாக அந்த ஊசியை அவர் எத்தனை ஆயிரம் முறை போட்டிருப்பார் என்று அவருக்கே தெரியாது.

"ஒரு வாரம் கழிச்சு வாங்க" என்றார்.

மறுநாள் காலை எட்டரைக்கே தபால்காரர் வந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் காரில், மடியில் நாயைப் போட்டுக்கொண்டு. மேசையில் கிடத்தியதும் டாக்டர் அதன் கண்ணைப் பார்த்தார். கருமணி முழுக்க விரிந்திருந்தது. கண்ணுக்கு நேரே விரலை வேகமாகக் கொண்டு போனார், இமை அசையவில்லை. வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. நிற்க வைத்தால் கால்கள் ஒன்றன்மேல் ஒன்று பின்னிக்கொண்டு சரிந்தது.

"ராத்திரி தள்ளாடிச்சு. சரி, ஊசி அசதின்னு நினைச்சோம். காலையில பாத்தா சுவத்துல போய் முட்டுது" என்றார் தபால்காரர்.

டாக்டர் ஏதோ கேட்க வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இது வீட்டுல ஆளுங்களைக் காலால, மூக்கால தள்ளி ஒண்ணா சேக்குமா?"

"ஆமா! அதனாலதான் மேனேஜர்னு பேரே. ஏன் டாக்டரம்மா?"

டாக்டர் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை ஒரு நாள் தாமதமாகக் கேட்டிருந்தார்.

தபால்காரரை முன்னறையில் உட்காரச் சொல்லிவிட்டு, நாயின் முன்னங்காலில் ஊசி குத்தி சலைன் ஏற்றத் தொடங்கினார். கம்பவுண்டர் நாயின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாகக் கூடவே இருப்பவர். டாக்டரின் முகம் கொஞ்சம் சுருங்கினாலே காரணம் கண்டுபிடித்துவிடுவார்.

"நம்ம ஊசியா?" என்றார் தாழ்ந்த குரலில்.

"நம்ம ஊசிதான்."

கம்பவுண்டர் கதவுப் பக்கம் பார்த்தார். "பின்பக்கத் தோட்டத்துல சுத்துமாம். விஷப் பூச்சி எதையாவது தின்னிருக்கும்னு சொல்லிடலாம் டாக்டர். யாருக்குத் தெரியப் போகுது?"

அவர் சொல்வதற்கு முன்பே டாக்டருக்கும் அதே எண்ணம் வந்துவிட்டது. அதுதான் அவருக்கு அதிக வெட்கமாக இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போய், தபால்காரருக்கு எதிரில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நேத்து நான் போட்ட ஊசியாலதான் இப்படி ஆயிருக்கு" என்றார்.

தபால்காரர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"மூளைக்குப் போற ரத்தக்குழாயோட சுவர் மத்த இடத்துல இருக்கற மாதிரி இருக்காது. இண்டு இடுக்கு இல்லாம ரொம்ப நெருக்கமா இருக்கும். ரத்தத்துல ஓடுற எல்லாத்தையும் மூளைக்குள்ள விட்டுராது. சில மருந்து கொழுப்புல கரையும், அது எப்படியாவது அந்தச் சுவருக்குள்ள புகுந்துரும். அதைப் பிடிச்சு திரும்ப ரத்தத்துக்கே தள்ளிவிடறதுக்குன்னு சுவர்ல ஒரு புரதம் இருக்கு. பம்பு மாதிரி வேலை செய்யும். நேத்து போட்ட ஊசி, பூச்சியோட நரம்பை முடக்கற மருந்து. மூளைக்குள்ள போனா நாயையும் முடக்கும். அந்தப் பம்பு உள்ள விடாதுங்கற தைரியத்துலதான் எல்லா நாய்க்கும் போடறோம். இதுக்கு அந்தப் பம்பு பிறவியிலேயே வேலை செய்யலைன்னு நினைக்கிறேன்."

தபால்காரர் கொஞ்சம் யோசித்தார். "எங்க ஆபீஸ்ல தப்பா வந்த தபாலைத் திருப்பி அனுப்பறதுக்கு ஒரு ஆள் உண்டு. அந்த ஆள் லீவு போட்ட மாதிரியா?"

"லீவு இல்ல. அந்த வேலைக்கு ஆளையே எடுக்கல."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஆடு மேய்க்கிற சில இனத்துக்கு இந்தக் குறை உண்டுன்னு தெரியும். பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கியிருக்கேன். ஆளுங்களை வளைச்சு ஓட்டறது அந்த இனத்து ரத்தம். முகத்தைப் பாத்து, கலப்பு நாய்தானேன்னு விட்டுட்டேன். நேத்து நான் கேக்கல."

தபால்காரர் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார். "வீட்டுல அவளுக்கு நான் என்ன சொல்றது?" என்று மட்டும் கேட்டார். "நடந்ததை அப்படியே சொல்லுங்க, நாய் இங்க என் கிட்டயே இருக்கட்டும்" என்றார் டாக்டர்.

மதியத்துக்குள் மேனேஜர் முழு மயக்கத்துக்குப் போய்விட்டது. மாற்று மருந்து என்று எதுவும் கிடையாது. டாக்டர் வேறு வழியில்லாமல் நாத்தனாருக்குப் போன் செய்தார். கணவரின் தங்கை, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்துப் பிரிவின் தலைவி. மூன்று வருஷத்துக்கு முன் குடும்பம் கூடிய இடத்தில் "அண்ணிக்கென்ன, மாட்டு டாக்டர்தானே, நோயாளி வாயைத் திறந்து குறை சொல்லுமா?" என்று அவள் சிரித்ததிலிருந்து இருவருக்கும் பேச்சு குறைவு.

இன்றைக்கு நாத்தனார் சிரிக்கவில்லை. எவ்வளவு மருந்து, எத்தனை மணிக்கு, மூச்சு நிமிஷத்துக்கு எத்தனை என்று கேட்டாள்.

"அண்ணி, சாப்பிட முடியாத நோயாளிக்கு ஏத்தற கொழுப்புத் திரவம் இருக்கு, பால் மாதிரி வெள்ளையா. கொழுப்புல கரையற மருந்தை ரத்தத்துல இருந்து கொஞ்சம் உறிஞ்சும். ஆனா உள்ள போய் உக்காந்ததை இழுக்குமான்னு சொல்ல முடியாது. எழுதிக் குடுத்து அனுமதி வாங்கிட்டு நானே எடுத்துட்டு வரேன்."

வந்தாள். ஏற்றினார்கள். இரண்டு மணி நேரம் இருவரும் மேசையின் இரண்டு பக்கமும் நின்றார்கள். ஒரு மாற்றமும் இல்லை.

"சரி. இனிமே மருத்துவம் இல்ல, பணிவிடைதான்" என்றாள் நாத்தனார். அவள் கிளம்பும் சமயத்தில்தான் தையல்காரி வந்தாள். கழுத்தில் அளவெடுக்கும் நாடா அப்படியே தொங்கியது. நேராக உள்ளே போய் நாயின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"தப்பு என்னுதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் உங்க கையிலேயே விட்டுட்டுப் போகணும்னும் சொல்றீங்க. இது எந்த ஊரு நியாயம்?"

டாக்டர் கொடுத்த மருந்து, அளவு, நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். "எங்க கொண்டு போனாலும் இதைக் காட்டுங்க. ஆனா மூச்சு பலவீனமா இருக்கு. வண்டியில வெச்சு அலைக்கறது நல்லதில்ல."

தையல்காரி தாளை இரண்டு முறை படித்தாள். நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "அப்போ நானும் இங்கதான் இருப்பேன்" என்றாள்.

மறுநாள் ஒரு பை நிறைய பொத்தான் வைக்க வேண்டிய சட்டைகளோடு வந்து உட்கார்ந்தவள், பகலெல்லாம் அங்கேயே இருந்தாள். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை நாயைப் புரட்டிப் போட வேண்டும். இமை மூடாத கண்ணில் களிம்பு தடவ வேண்டும். வயிற்றை அழுத்திச் சிறுநீர் எடுக்க வேண்டும். மூக்கு வழியாகப் போட்ட குழாயில் கரைத்த உணவை ஊற்ற வேண்டும். இரண்டே நாளில் அத்தனையும் கற்றுக்கொண்டாள். டாக்டரிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. கம்பவுண்டரை மட்டும் "அண்ணே, இந்தப் பக்கம் பிடிங்க" என்று கூப்பிட்டு வேலை வாங்கினாள்.

ஐந்தாம் நாள் பிற்பகல் மூச்சு நின்று நின்று வந்தது. டாக்டர் தொண்டை வழியாக மூச்சுக்குழாயில் குழாய் செருகி, கையால் அமுக்கும் காற்றுப் பையை மாட்டினார். மாறி மாறி மூன்று மணி நேரம் அமுக்கினார்கள். விஷப் பூச்சி என்று சொல்லிவிடலாம் என்ற கம்பவுண்டர்தான் அதில் பாதி நேரம் அமுக்கினார். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. "தள்ளுங்க, நான் பாக்கறேன்" என்று டாக்டர் சொன்னபோதும் விடவில்லை. சாயங்காலம் மூச்சு தானாக வந்தது.

ஆறாம் நாள் தையல்காரி ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இது வதை இல்லையா டாக்டரம்மா? ஒரேயடியா அனுப்பிடலாமே. நான் தாங்கிக்குவேன்."

டாக்டர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உள்ள எதுவும் உடையல, அழுகல. மருந்து போய் உக்காந்துட்டு நரம்பை எழுந்திரிக்க விடாம அமுக்கி வெச்சிருக்கு. வெளியே தள்ளற பம்பு இல்லாததால, ரத்தத்துல அளவு குறையக் குறையத்தான் அதுவும் கொஞ்சம் கொஞ்சமா கசியும். போயிட்டா நரம்பு பழையபடி வேலை செய்யும். அதுவரைக்கும் மூச்சையும் தண்ணியையும் நாம பாத்துக்கணும்."

"எத்தனை நாளாகும்?"

"தெரியாது."

"பிழைக்குமா?"

"அதுவும் உறுதியா தெரியாது. நான் இந்த மாதிரி ஒண்ணைக்கூடப் பாத்ததில்ல."

தையல்காரி அவரை முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கும் எத்தனையோ டாக்டரைத் தெரியும். தெரியாதுன்னு சொல்றவங்களை இப்பத்தான் பாக்கறேன்" என்றாள். பாராட்டா குத்தலா என்று டாக்டருக்கு விளங்கவில்லை. அவள் மறுபடி பொத்தான் தைக்க ஆரம்பித்தாள்.

ஒன்பதாம் நாள், ஈரத் துணியால் வாயைத் துடைத்தபோது நாக்கு அசைந்தது. தையல்காரி மறுபடி துடைத்தாள், மறுபடி அசைந்தது. "அண்ணே!" என்று போட்ட சத்தத்தில் முன்னறையில் இருந்த பூனை ஒன்று கூடையை உதறிக்கொண்டு ஓடியது. அதைப் பிடிக்க அரை மணி நேரம் ஆனது. மறுநாள் மேனேஜர் தலையைத் தூக்கியது. பன்னிரண்டாம் நாள் நாலு காலில் நின்று, கண் சரியாகத் தெரியாமல் எடை மேடையில் முட்டி விழுந்து, தானே எழுந்தது. தபால்காரர் கடிதப் பையோடு வாசலில் நின்று அதைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சிவிட்டு, "எனக்கு இன்னும் மூணு தெரு பாக்கி இருக்கு" என்று சொல்லிக்கொண்டு கிளம்பினார்.

வீட்டுக்கு அனுப்ப இருந்த நாளில் அதற்கு வயிற்றுப்போக்கு வந்தது. கம்பவுண்டர் வழக்கம்போல அலமாரியைத் திறந்து, வயிற்றுப்போக்கை நிறுத்தும் சின்ன மாத்திரையை எடுத்துப் பாதியாக உடைத்தார். டாக்டர் ஓடிவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இது கூடாது!"

"வயித்துப்போக்கு மாத்திரைதானே டாக்டர்? எல்லா வீட்டுலயும் வெச்சிருப்பாங்களே."

"இது அபின் வகையைச் சேர்ந்தது. நமக்குப் போதை ஏறாம இருக்கறதே, மூளைக்குள்ள நுழையறதை அதே பம்பு வெளிய தள்ளிடறதாலதான். இதுக்குக் குடுத்தா மறுபடி படுத்துரும்."

கம்பவுண்டர் கையிலிருந்த பாதி மாத்திரையைப் பாம்புக் குட்டி மாதிரி பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டார். டாக்டர் அன்றைக்கே நாத்தனாரிடம் கேட்டு, இந்தக் குறை உள்ள நாய்க்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலை வாங்கினார். பெரிய எழுத்தில் எழுதி அலமாரிக் கதவிலேயே ஒட்டினார். வயிற்றுப்போக்கு சலைனிலும் பத்தியத்திலுமே நின்றது. சொறிக்கு மருந்துக் குளியல் போதும் என்று முடிவானது.

மூன்று வாரம் கழித்து, மேனேஜரின் ரத்தத்தை அனுப்பியிருந்த பரிசோதனைக்கூடத்திலிருந்து முடிவு வந்தது. தாய் வழியில் வந்த மரபணு, தகப்பன் வழியில் வந்தது, இரண்டிலுமே அந்தப் பம்புக்கான பகுதி பாதியில் அறுந்திருந்தது. டாக்டர் எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அன்றிலிருந்து ஊசியை எடுப்பதற்கு முன், எந்த நாயாக இருந்தாலும், அது வீட்டில் என்னென்ன செய்யும் என்று ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டுத்தான் கையை வைத்தார். கூட்டம் தாமதமாக நகர்ந்தது. சிலர் வேறு இடத்துக்குப் போனார்கள்.

தையல்காரி அவரை மன்னித்தேன் என்று ஒருபோதும் சொல்லவில்லை. ஆனால் வேறு டாக்டரிடம் போகவும் இல்லை. மழைக்காலத்தில் ஒரு நாள் மேனேஜரைக் கூட்டிக்கொண்டு நகம் வெட்ட வந்தவள், போகும்போது பையிலிருந்து இரண்டு மாத்திரைப் பட்டைகளை எடுத்து மேசையில் வைத்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"எனக்குத்தான் சளி. இதுல ஒண்ணு போட்டா மெஷின் மேலேயே தலை சாயுது, இன்னொண்ணு போட்டா ஒண்ணும் ஆகல. எது உள்ள போற மருந்து, எது போகாதது?"

டாக்டர் இரண்டையும் திருப்பிப் பார்த்தார். "தூக்கம் வர்றது பழைய வகை, அது மூளைக்குள்ள போகும். இன்னொண்ணு புதுசு, பெரும்பாலும் வெளியவே நின்னுரும். ஆனா நான் மாட்டு டாக்டர். மனுஷங்களுக்கு என் நாத்தனாரைத்தான் கேக்கணும்."

"அப்போ போனைப் போடுங்க" என்றாள் தையல்காரி, பெஞ்சில் சாவகாசமாக உட்கார்ந்து.

டாக்டர் போனை எடுத்தார்.