கல்யாண செட்டு

பூஜா கிடங்கின் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தாள். அதற்குள் சித்தப்பா வெங்கடேசன் ஓடி வந்து, மேலே போகவிடாமல் அதைப் பிடித்துக்கொண்டார்.

"அத்த தொறக்காதம்மா. உள்ள கீறது பூரா கல்யாண செட்டு."

"தெரியும் சித்தப்பா. வூட்டாண்ட போயிப் பாருங்க. பாதி ஊரு வெயில்ல நிக்கிது."

அவளுடைய அப்பா ராஜாராம் விடியற்காலையில் இறந்துபோயிருந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. உத்திரமேரூரிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் நல்லதோ கெட்டதோ, பந்தலும் நாற்காலியும் மைக்கும் அவர் கடையிலிருந்துதான் போகும். வியாபாரிகள் சங்கத் தலைவர், ஒரு முறை பேரூராட்சித் தலைவராகவும் இருந்தவர். அவர் இறந்த செய்தியை ஊருக்குச் சொல்லிக்கொண்டு போன ஆட்டோவில் கட்டியிருந்த ஸ்பீக்கரும் அவருடையதே. அப்பேர்ப்பட்டவர் வீட்டு வாசலில் உட்கார ஒரு நாற்காலி இல்லை.

கடையில் இரண்டு செட்டு உண்டு. வெள்ளைத் துணியும் நீல நாற்காலியும் சாவுக்கு. சிவப்பு ஜரிகைத் துணியும் வெல்வெட் உறை போட்ட சிவப்பு நாற்காலியும் கல்யாணத்துக்கு. ஒன்றோடு ஒன்று கலக்கவே கூடாது. சாவு வீட்டில் போட்ட நாற்காலி என்று தெரிந்தால் எந்த சம்பந்தியும் அதில் உட்கார மாட்டார்கள். ஆடி மாதம் என்பதால் கல்யாண செட்டு முழுவதும் கிடங்கில் தூங்கிக்கொண்டிருந்தது. சாவு செட்டு ஐஸ் பெட்டியோடு சாலவாக்கத்தில் ஒரு பெரியவர் சாவுக்குப் போயிருந்தது. அதை வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டியவர் ராஜாராம்தான், நேற்று சாயங்காலம்.

"வண்டிய எடுத்துக்கினு போயி பாதிய அள்ளிக்கினு வந்துர்றேன்" என்றார் வெங்கடேசன். "ஓனரே பூட்டாருன்னா இன்னா சொல்லப்போறாங்க?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எந்திரிச்சு வெயில்ல போயி நிப்பாங்க. சாவு வூட்ல போட்டத அவங்களா எடுத்துக்கோன்னு சொல்ற வரைக்கும் தொடக் கூடாதுன்னு அப்பா சொல்வாருல்ல?"

"அப்ப வாலாஜாபாத்துல வாடகைக்கு எடுப்போம்."

"அது வந்து சேரச்சொல்ல தூக்கியிருப்போம். அதுவுமில்லாம, எங்கப்பாவ இன்னொருத்தன் பந்தல்ல படுக்க வெக்கணுமா?"

வெங்கடேசன் குரலைத் தாழ்த்தினார். "ஆவணி பொறந்தா வரிசையா முகூர்த்தம். இன்னிக்கி இத்த விரிச்சீன்னா அப்புறம் ஒருத்தன் எடுக்க மாட்டான். மொத கல்யாணமே இரும்புக் கட முத்துவேலு பொண்ணுது. அந்தாளு பூனை குறுக்கப் போனா கடைய மூடிட்டு வூட்டுக்குப் போறவன். பொழப்பே பூடும், யோசன பண்ணு."

அது அவளுக்கும் தெரியும். காலேஜ் முடித்ததிலிருந்து இந்தக் கடைதான் அவள் உலகம். இனி நடத்தப்போகிறவளும் அவள்தான். இருந்தாலும் அப்பாவை நினைத்தாள், வெயிலில் நிற்கிறவர்களை நினைத்தாள், ஷட்டரை முழுதாகத் தூக்கிவிட்டாள்.

சிவப்புப் பந்தல் ஏறியது. ஆடிக் காற்றில் ஜரிகைக் குஞ்சங்கள் கும்மாளம் போட்டன. கட்டுகிற ஆட்களின் தலைவன் ஸ்ரீகாந்துக்கு அழுது அழுது கண் வீங்கியிருந்தது. அழுதபடியே வேலை பார்த்ததில் வாசலில் 'நல்வரவு' வளைவை நிறுத்தி, மேசை போட்டு, அதன்மேல் சந்தனக் கிண்ணத்தையும் பன்னீர்ச் செம்பையும் வைத்துவிட்டான்.

"டேய், இன்னாடா இது!" என்று வெங்கடேசன் அலறினார்.

ஸ்ரீகாந்த் திரும்பிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "கை தன்னால வெச்சிருச்சுண்ணா. எப்பவும் செய்யிற வேலையாச்சே."

உள்ளே அப்பாவின் தலைமாட்டில் இருந்த அம்மா சுலோச்சனா, சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். வளைவைப் பார்த்தாள், பன்னீர்ச் செம்பைப் பார்த்தாள். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள் குபீரென்று சிரித்துவிட்டாள். "அந்த மனுசன் எந்திரிச்சு வந்து எல்லாருக்கும் பன்னீர் தெளிப்பாரு பாரு" என்றாள். பக்கத்தில் இருந்த பெண்கள் திகைத்து, பிறகு அவர்களும் சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் அம்மாவுக்கு அழுகை வந்தது.

வளைவை எடுத்துவிட்டார்கள். வந்தவர்கள் சிவப்பு நாற்காலியைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார்கள், பிறகு உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் பேச்சு கிளம்பியது. சங்கத் தேர்தல் கதையை ஒருவர் ஆரம்பித்தார். இரும்புக் கடை முத்துவேல் ராஜாராமை எதிர்த்து நின்று நின்று தோற்றவர். ஒரு தேர்தலில் அவர் மேடையேறி ராஜாராமைக் கிழி கிழியென்று கிழித்துக்கொண்டிருந்தபோது மைக் செத்துவிட்டது. மைக் ராஜாராம் கடையுடையது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையேறியவர் ராஜாராமே. ஒயரை முறுக்கிச் சரிசெய்து, "ஹலோ, ஹலோ" என்று சொல்லிப் பார்த்து, "இப்ப திட்டுய்யா, தெளிவா கேக்கும்" என்று கையில் கொடுத்துவிட்டு இறங்கினாராம். பந்தலே குலுங்கிச் சிரித்தது.

சிரிப்பு சட்டென்று அடங்கியது. எதிர்சாரியில், மூடியிருந்த மருந்துக் கடையின் நிழலில் முத்துவேல் நின்றுகொண்டிருந்தார்.

அவர் வரவே கூடாது. கல்யாணம் வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் சாவு வீட்டுப் படி மிதிப்பதில்லை. தெருமுனையில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனால் போதும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அவர் போகாமல் நின்று பந்தலையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் பெண் கல்யாணத்துக்குப் போன மாதம் வந்து, துணியைத் தடவிப் பார்த்து, அவரே பொறுக்கிய பந்தல். ஊரில் சகுனம் பார்க்கிற ஒவ்வொரு வீடும் இந்த மனிதர் என்ன செய்கிறார் என்றுதான் பார்க்கும்.

முத்துவேல் செருப்பை அங்கேயே கழற்றினார். தெருவைக் கடந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய், ராஜாராமின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். வெளியே வந்து முன்வரிசையில் ஒரு சிவப்பு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பூஜா அவரிடம் போனாள். "மாமா, மன்னிச்சிக்கோங்க. வேற வழி தெரியல. கல்யாணத்துக்கு வேற எடத்துலர்ந்து புது செட்டா எடுத்துத் தந்துர்றேன்."

"வேற எடத்துலர்ந்தா?" முத்துவேலுக்குக் கோபம் வந்துவிட்டது. "எவன் செட்டு உருப்படியா கீது சொல்லு பாக்கலாம்? ஒருத்தன் துணியில எலி கடிச்ச ஓட்ட. இன்னொருத்தன் நாற்காலியில குந்துனா பின்னாடி சாயிது. நான் இத்தத்தான் கேட்டேன், இதான் வரணும்."

"இல்ல மாமா, வூட்ல அத்தை ஏதாவது..."

"அவளாண்ட நான் சொல்லிக்கிறேன். நீ சொம்மா பேஜாரு பண்ணாத." தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார். "உங்கப்பன் படுத்துனு கீற பந்தல் எம்பொண்ணுக்கு ஆவாதா? போம்மா, போயி அம்மாவப் பாரு."

பூஜா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே நின்று அழுதாள். காலையிலிருந்து அவள் அழுதது அப்போதுதான்.

வெயில் தாழத் தூக்கினார்கள். மேளம் முன்னால் போனது, சரவெடி வெடித்தது, ஊர் ஆண்கள் எல்லோரும் பின்னால் நடந்தார்கள். வாசலில் நின்ற பெண்களோடு பூஜாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். முத்துவேலும் எழுந்தார். இரண்டடி போனவர் திரும்பி வந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல விரித்துப் போட்டார். பிறகு வெறும் தோளோடு கூட்டத்தில் போய்ச் சேர்ந்துகொண்டார்.

வாசலைக் கழுவிவிட்ட பிறகு ஸ்ரீகாந்தின் ஆட்கள் பந்தலைப் பிரித்தார்கள். நாற்காலிகளை அடுக்கடுக்காக வண்டியில் ஏற்றினார்கள். அந்த ஒரு நாற்காலியை மட்டும் யாரும் தொடவில்லை. ஈரத் தரையில் அது தனியாக இருந்தது. துண்டின் முனை காற்றில் எழுந்து எழுந்து படிந்தது.