மவுஸிலிருந்து கையை எடுத்தபோது

மர நாற்காலிப் பட்டறை வைத்திருக்கும் நாற்காலிக்காரர், தன் இணையதளத்துக்கு நான் செய்த இரண்டாவது டிசைனையும் திருப்பி அனுப்பிவிட்டார். கோபமாக அல்ல. "நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா எல்லாம் ஓடிக்கிட்டே இருக்கு. என் நாற்காலி ஓடாது," என்று போனில் சொன்னார். வெள்ளிக்கிழமை காலை மூன்றாவதைக் கொண்டு போக வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக, மிகவும் தயங்கிச் சொல்லி முடித்தார்.

எனக்கும் அதே வெள்ளிதான் கெடு. பதினேழு வருடம் வேலை பார்த்த ஆபீசை விட்டு, சொந்தமாக வெப் டிசைன் செய்கிறேன் என்று வெளியே வந்து ஐந்து மாதம் ஆகிறது. கிடைத்த முதல் பெரிய வேலை இது. மேனேஜர் என் சீட்டைக் காலியாகவே வைத்திருந்தார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் ஆள் போட்டுடுவேன்," என்று சொல்லியிருந்தார். இதுவும் திரும்பினால் திங்கட்கிழமை அந்த சீட்டில் உட்கார்ந்து, மற்றவர்கள் வரைந்த பக்கங்களில் எழுத்தின் அளவைச் சரிபார்த்துக்கொண்டிருப்பேன்.

மூன்று நாளாகப் பரிசு வாங்கிய இணையதளங்களாகத் தேடிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் உருண்டது, பறந்தது, தொட்டால் சிதறி மறுபடி சேர்ந்தது. பார்க்கப் பார்க்க எல்லாம் ஒரே குடும்பத்துப் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டன. நூற்றுப் பதினாறு பக்கங்களைக் குறித்து வைத்தேன். என் தாளில் ஒரு கோடுகூட விழவில்லை.

புதன்கிழமை மதியம் அலமாரியிலிருந்து பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்தேன். ஐடியா தேடி என்று சொல்ல முடியாது. நானும் ஒரு காலத்தில் ஏதோ செய்திருக்கிறேன் என்று எனக்கே ஒரு அத்தாட்சி தேவைப்பட்டது.

என் முதல் ஆபீஸ், ஒரு தையல் கடைக்கு மேலே இரண்டு அறை. கீழே மெஷின் ஓடினால் மேலே மேஜை அதிரும். ஒவ்வொரு மானிட்டரும் ஓர் ஆளின் இடத்தை அடைத்துக்கொள்ளும். மவுஸின் அடியில் ரப்பர் உருண்டை இருக்கும். அதைக் கழற்றி அழுக்குச் சுரண்டுவது திங்கட்கிழமை வேலை. எங்கேயாவது பிடித்த பக்கத்தைப் பார்த்தால் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டுவோம். அசைகிற பக்கமாக இருந்தால், எது எந்தப் பக்கம் போகிறது என்று பேனாவால் அம்பு போட்டு வைப்போம். நான் வரைவேன். அதை ஓடவைக்கும் கம்ப்யூட்டர் கோட் எழுதுபவர் ஜன்னலோரம் இருந்தார். எல்லாரும் அவரை 'அரைப்புள்ளி' என்றுதான் கூப்பிடுவார்கள். வரிக் கடைசியில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனாலும் கோட் ஓடாது; அதைத் தேடியே அவருக்குப் பாதி நாள் போய்விடும். பேச்சிலும் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவார். பிற்பாடு நான் கல்யாணம் செய்துகொண்டது அந்த மனிதரைத்தான். ஆபீசில் பழகிய 'நீங்க' இன்றுவரை இரண்டு பேர் வாயிலிருந்தும் போகவில்லை.

டிஸ்க்கில், வண்ண மீன்கள் விற்கிற ஒரு கடைக்காக நாங்கள் செய்த பக்கம் கிடைத்தது. நீலத் தண்ணீரில் பன்னிரண்டு மீன்கள். மவுஸை அசைத்தால் பயந்து ஓரத்துக்கு ஓடும். அன்றைக்கு அது எங்களுக்குப் பெரிய சாதனை. இரண்டு மூன்று முறை துரத்தினேன். ஒரு மீனுக்கு நான் வரைந்த வால் கோணல். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு அந்த வாலையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டேன்.

மீன்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பக்கத்தில் பக்கத்தில் வரிசையாக நின்றன. அவற்றுக்குக் கீழே எழுத்து மெதுவாகத் தெளிந்தது. கணினியில் தமிழ் ஒழுங்காக வராத காலம். கையால் எழுதி ஸ்கேன் செய்திருந்தார். அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

'ஒரு பக்கத்தை இவ்வளவு நேரம் பாக்கறது நீங்க ஒருத்தர்தான். என்னையும் ஒரு நாள் இப்படிப் பாப்பீங்களா?'

என் கை மவுஸில் பட்டது. மீன்கள் சிதறி, எழுத்து மறைந்தது.

அடுத்த அறையில் ஆபீஸ் வேலையாக இருந்தவரைக் கூட்டிவந்து உட்காரவைத்தேன். எழுத்து மறுபடி வரும்வரை மவுஸைத் தொட விடவில்லை. அவர் காது சிவந்துவிட்டது.

"எப்ப எழுதினீங்க?"

"அதான் நீங்க அப்பவே பாத்து..."

"அப்பவே எங்க பாத்தேன்? பத்து நிமிஷம் முன்னாடிதான் பாத்தேன்."

"இல்லையே. அன்னிக்கு சாயங்காலம் முழுக்க நீங்க இந்தப் பக்கத்தைத்தான் பாத்துட்டு இருந்தீங்க."

"மீனைத் துரத்திட்டு இருந்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "படிச்சுட்டுத்தான் பதில் சொல்லலன்னு நெனச்சேன். கடைக்காரருக்குக் குடுத்த காப்பியிலேர்ந்து அந்த எழுத்தை எடுத்துட்டேன். இதுல எடுக்க மனசு வரல."

எனக்கு அந்தப் பக்கத்துக்குப் பிறகான ஆறு மாதமும் ஞாபகம் வந்தது. ஜன்னலோரத்தை விட்டு அவர் பிரிண்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். ஃபைல் பெயரைத் தவிர என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் டிசைன் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அழுதிருக்கிறேன். கடைசியில் நானேதான் போய், என் மேல் என்ன கோபம் என்று கேட்டேன்.

"மவுஸ் அசையாம நாப்பது செகண்ட் இருந்தா எழுத்து வரணும்னுதான் வெச்சிருந்தேன். நீங்க அதுக்கு மேலயும் பாப்பீங்கன்னு..."

"பாப்பேன். ஆனா என் கை சும்மா இருக்காதே. அதைக் கவனிக்காம என்னத்த கவனிச்சீங்க?"

சிரித்துவிட்டோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே தாளை இழுத்தேன். ஒரு நாற்காலியை வரைந்தேன். அதைச் சுற்றி ஒன்றுமே வரையவில்லை. பார்க்கிறவர் மவுஸிலிருந்து கையை எடுத்த பிறகுதான் எல்லாம் தொடங்கும்.

வியாழன் காலை முதல் வடிவம் தயார். மாடியில் குடியிருக்கும் நாத்தனாரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அவள் மவுஸை நாலு பக்கமும் இழுத்தாள், நாற்காலியை இரண்டு முறை தட்டினாள்.

"படம் நல்லா இருக்கு அண்ணி. வேற?"

"அவ்வளவுதானா?"

"ஒரு நாற்காலியை எவ்வளவு நேரம் பாக்கறது? அடுப்புல பால் வெச்சிருக்கேன்."

விஷயத்தைச் சொன்னேன். மீன் கதையையும் சேர்த்து. அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். "சின்ன வயசுலயும் இப்படித்தான் அண்ணி. கண்ணாமூச்சி ஆடினா யாராலயும் கண்டுபிடிக்க முடியாத எடத்துல போய் ஒளிஞ்சுப்பான். எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவோம். இவன் மட்டும் உள்ளயே இருப்பான்."

அவள் போனதும் அவர் சொன்னார், "எனக்கு நடந்ததுதான் நாளைக்கு உங்களுக்கும் நடக்கும்."

"நீங்க ஒரு சாடைகூடக் காட்டாம ஒளிச்சீங்க. நாற்காலி அப்படி இருக்கக் கூடாது. அது கூப்பிடணும்."

மத்தியானம் அவர் லீவு போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். மேலதிகாரி ஆனபிறகு அவர் கோட் எழுதி எத்தனையோ வருடம். கை வேகமாக அசைந்தால் நாற்காலி முதுகைக் காட்டும். வேகம் குறைந்தால் பாதி திரும்பும். கை நின்றுவிட்டால் முழுதாக நம்மைப் பார்த்துத் திரும்பும்; பிறகு வெளிச்சம் வரும். நான் வரைய, அவர் எழுத, அதிரும் மேஜை ஒன்றுதான் குறை.

"இப்பல்லாம் அரைப்புள்ளி விட்டாலும் ஓடுது," என்றார், கொஞ்சம் ஏமாற்றமாக.

வெள்ளிக்கிழமை பட்டறையில் லேப்டாப்பைத் திறப்பதற்குள் அதன் மேல் மரத்தூள் படிந்துவிட்டது. நாற்காலிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மரத்தின் மேல் இழைப்புளியைத் தள்ளுவது போல மவுஸைத் தள்ளினார். நாற்காலி முதுகைக் காட்டியது.

"இது ஏன் திரும்பிக்குது?"

விளக்கம் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

மறுபடி தள்ளினார். பிறகு, என்னதான் செய்கிறது பார்ப்போம் என்பது போல மெதுவாக நகர்த்தினார். நாற்காலி பாதி திரும்பியது. அவர் புருவம் சுருங்கியது. கையை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டு, மூட்டுப் பொருத்தத்தைச் சோதிக்கிறவர் போலத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். நாற்காலி முழுதாக அவர் பக்கம் திரும்பியது. எங்கிருந்தோ ஜன்னல் வெளிச்சம் இருக்கையில் விழுந்து மெல்ல மேலேறியது. மரத்தின் ரேகைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கால்களின் நிழல் நீண்டது.

உள்ளே ரம்பம் ஓடி, நின்று, திரும்ப ஓடியது. அவர் கை முழங்காலைவிட்டு நகரவில்லை.

"முக்காலிக்கு முதுகே கெடையாதே. அது எப்படித் திரும்பிக்கும்?" என்றார் கடைசியில், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தெரியலையே. அதை நான் யோசிக்கல."

"திங்கக்கெழம வாங்க. மூணு முக்காலி எடுத்து வெக்கறேன். உக்காந்து பாத்துட்டே யோசிங்க."

தெருவுக்கு வந்ததும், கணவருக்குச் சொல்வதற்கு முன்னால், பழைய மேனேஜரைக் கூப்பிட்டேன்.

"சார், அந்த சீட்டுக்கு ஆள் போட்டுடுங்க," என்றேன்.