இலை வந்ததும் எடுத்துக்கொள்கிறேன்

எங்கள் சலவைக்கடையின் பின்னறையில் பாய்லரும் இரண்டு பெரிய டிரையர்களும் இருக்கின்றன. வெளியே பல் கிட்டிப்போகிற குளிர் அடிக்கும்போதுகூட அந்த அறையில் ஸ்வெட்டரோடு நிற்க முடியாது. குளிர் நாட்களில் அந்தத் தெருவில் பாதிப் பேர் ஏதாவது சாக்குச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஆனால் ஒரு பூந்தொட்டியை இடுப்பில் பிள்ளையைப் போல இடுக்கிக்கொண்டு வந்து, "குளிர் போறவரைக்கும் இது இங்கே இருக்கட்டுமா?" என்று கேட்டவர் கடிகாரக்காரர் ஒருவர்தான்.

அடுத்த தெருவில் கடிகாரம் பழுது பார்க்கிறவர் அவர். மனைவி போய்ப் பல வருஷம். சட்டையைக் கொடுத்தால் கொடுத்த கையோடு போய்விடுகிற மனிதர். அன்றைக்குத்தான் அவர் மூன்று வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசிக் கேட்டேன், அதுவும் என்னிடம் இல்லை, அண்ணியிடம்.

அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. கடை எங்கள் இரண்டு பேருடையது. கறை எடுப்பது அண்ணி, இஸ்திரி நான். என் கணவர் வண்டியில் துணி எடுத்து வந்து, துணி கொண்டுபோய்க் கொடுப்பார். அண்ணிக்கு ஐம்பதாகப் போகிறது. பார்த்த வரன்கள் எல்லாம் தட்டிப்போய், அப்புறம் மாமனார் படுத்த படுக்கையாகி, அப்புறம் கடை என்று வருஷங்கள் ஓடிவிட்டன. அதற்காக மூக்கைச் சிந்துகிற ஆள் இல்லை அவர். இந்த வீட்டுக்கு நான் வந்தது கல்யாணம் செய்துகொண்டு என்றாலும், எனக்கு வாய்த்தது அண்ணிதான். கணவர் கூடவே கிடைத்த இலவச இணைப்பு. இதைக் கணவரிடமே சொல்லியிருக்கிறேன். சிரித்தார், பாவம்.

தொட்டியில் இருந்தது பாலைவன ரோஜா. அடித்தண்டு பூசணிக்காய் போலப் பருத்து, அதன்மேல் நாலைந்து கிளைகள். "இலை எல்லாம் கொட்டிடும். செத்துப்போச்சுன்னு நினைச்சுடாதீங்க. தூங்கும். தண்ணி ஊத்தவே கூடாது. என் ரூம் ரொம்பக் குளிரு, அங்கே தாங்காது. இலை வந்ததும் எடுத்துக்கறேன்" என்றார்.

சொன்னபடியே இலை கொட்டியது. அவரும் வாரம் தவறாமல் வந்தார். வந்து கட்டை விரலால் அடித்தண்டை அழுத்திப் பார்ப்பார். கல் மாதிரி இருந்தால் நல்லது, மெத்தென்று இருந்தால் அழுகுகிறது என்று அர்த்தமாம். அழுத்திப் பார்க்க அரை நிமிஷம் போதும். அவர் ஒரு டிரையர் ஓடி முடிகிற வரை அழுத்துவார். அண்ணியும் கறையைத் தேய்த்துக்கொண்டே பதில் சொல்லிக்கொண்டிருப்பார். எனக்கு அப்போதே மூக்கில் வியர்த்தது.

இளவேனிலில் இலை வந்தது, எடுத்துக்கொண்டு போனார். கோடை முழுவதும் ஆளைக் காணோம். அண்ணி வாசல் மணி அடிக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொள்வார்.

கோடை முடிகிற சமயம் தொட்டியோடு வந்து நின்றார். செடியில் ஆட்டுக்கொம்பு போல ஜோடியாக ஒரு காய். "வெடிச்சா விதை எல்லாம் பறந்துடும். மேல நூல் சுத்தணும். உங்ககிட்ட நூல் இருக்கும்னு..." என்று இழுத்தார். கடிகாரத்துக்கு முள் கோக்கிற மனிதரிடம் ஒரு முழம் நூலா இருக்காது? நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி பொத்தான் நூலை எடுத்து, காயைச் சுற்றிக் கட்டிவிட்டார். ஒரு கொம்பை அவர் பிடித்துக்கொள்ள, ஒரு கொம்பை இவர் கட்ட, நான் அன்றைக்கு ஒரு சட்டைக் காலரைக் கருக்கினேன்.

காய் வெடித்ததும் விதைகளை அண்ணியிடமே கொடுத்துவிட்டார். சின்னக் குச்சி மாதிரி விதை, இரண்டு முனையிலும் பட்டுக் குஞ்சம். மூச்சு விட்டாலே பறக்கும். அவற்றை விதைத்து முடிக்கிற வரை அண்ணி என்னைப் பேசக்கூட விடவில்லை. அப்படியும் ஒன்று தப்பித்து ஒரு வாடிக்கையாளரின் கறுப்புக் கோட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. சோப்புத்தூள் டப்பாக்களை வெட்டி, அடியில் ஓட்டை போட்டு, பெருமணலும் செங்கல் பொடியும் நிரப்பி, விதைகளைப் படுக்கவைத்து, மேலே மெல்லிசாக மணல் தூவி, டிரையர் பக்கத்தில் வைத்தார். ஒரு வாரத்துக்குள் முளைத்துவிட்டன. முளைக்கும்போதே தொந்தியோடு முளைக்கிற ஜன்மங்களை அப்போதுதான் பார்த்தேன். என் கணவர் குனிந்து பார்த்துவிட்டுத் தன் சட்டையைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டார்.

இரண்டாவது குளிர்காலத்துக்குத் தாய்ச்செடி மறுபடியும் எங்களிடம் வந்தது. பெரியது தூங்க வேண்டும், சின்னதுகளை முதல் குளிரில் தூங்க விடக்கூடாது என்று கடிகாரக்காரர் சொல்லிக்கொடுத்திருந்தார். அதனால் அண்ணி பிஞ்சுகளுக்கு மட்டும் ஸ்பூனால் தண்ணீர் விட்டார். அந்த மாதங்களில் பின்னறையில் அப்படி ஒரு நிம்மதி இருந்தது. வெளியே ஜன்னல் எல்லாம் பனி பூத்திருக்கும். உள்ளே நான் நீவுவேன், அண்ணி தேய்ப்பார், அவர் அழுத்துவார்.

குளிர் போயிற்று. தெருமரங்கள் துளிர்த்தன. ஜனங்கள் கம்பளிகளைத் துவைக்கப் போட்டார்கள். பெரிய செடி மட்டும் மொட்டைக் குச்சியாகவே நின்றது.

"இன்னும் எழுந்திருக்கலையா?" என்பார் கடிகாரக்காரர்.

"இன்னும் இல்லையே" என்பார் அண்ணி.

"அப்போ அடுத்த வாரம் வந்து பார்க்கறேன்."

செடி செத்துவிட்டதோ என்று எனக்குப் பயம். நம் கையில் நம்பிக் கொடுத்த பொருள். ஒரு நாள் காலையில் கவலை தாங்காமல் வழக்கத்துக்கு முன்னாலேயே கடைக்குப் போனேன். ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. உள்ளே அண்ணி தொட்டியின் முன்னால் குனிந்து, கிளை நுனிகளில் எட்டிப் பார்க்கிற பச்சைத் துளிர்களை ஒவ்வொன்றாக நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தார். கிள்ளின இடத்தில் பால் முத்து முத்தாக நின்றது. அதை ஒரு துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, சோப்புப் போட்டு நன்றாகக் கை கழுவினார். அந்தப் பால் விஷம். கறை எடுக்கிற கைக்குத் தடயம் துடைக்கச் சொல்லித் தரவா வேண்டும்?

நான் சத்தம் போடாமல் திரும்பி நடந்து, தெருக்கோடி வரை போய்விட்டு, செருப்பைத் தேய்த்துக்கொண்டு மறுபடி வந்தேன். எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று பெயரெடுத்த நான் இதை மட்டும் மென்று விழுங்கிவிட்டேன். ஏன் என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. செடி தூங்குகிற வரை அவர் வருவார், அண்ணி சிரிப்பார், நான் பக்கத்தில் இஸ்திரி போடுவேன். யாருக்கு என்ன நஷ்டம்?

செடிக்குத்தான் நஷ்டம். சில வாரங்களில் அதன் அடித்தண்டில் சுருக்கம் விழ ஆரம்பித்தது. கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும், துளிர்த்ததெல்லாம் கிள்ளப்படும், தண்ணீரும் இல்லை. எத்தனை நாள்தான் தாங்கும்? கடிகாரக்காரர் அழுத்திப் பார்த்தபோது விரல் லேசாக உள்ளே போனது. அவர் முகம் மாறியது. கண்ணில் மாட்டுகிற லென்ஸைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, கிளை நுனிகளை வெகுநேரம் பார்த்தார். கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"தூங்கட்டும்" என்றார். போய்விட்டார்.

அந்த வாரம் என் கணவர் இடுப்புப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டதால், கடிகாரக்காரரின் சட்டைகளை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கடைக்குப் பின்னாலேயே அறை. கதவு திறந்ததும் கண் கூசியது. சுவர் முழுக்க ஜன்னல், அதில் கொட்டோ கொட்டென்று வெயில். ஜன்னல் ஓரம் வரிசையாக ஏழெட்டுப் பாலைவன ரோஜாக்கள், எல்லாம் இலையும் மொட்டுமாகத் தளதளவென்று. அறை ஓரத்தில் ஹீட்டர் வேறு.

"ரொம்பக் குளிருதே உங்க ரூம்ல" என்றேன்.

மனிதர் காதுவரை சிவந்துபோனார். சட்டைப் பொட்டலத்தை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, "அவங்ககிட்ட சொல்லிடாதீங்க" என்றார்.

"நல்ல ஆளுங்க! நீங்க இப்படின்னா, அங்கே ஒருத்தங்க..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"தெரியும். நுனியில பால் காஞ்சிருக்கு. ஒவ்வொரு கிளையிலயும். நான் பார்க்கற வேலையே அதானேம்மா."

"தெரிஞ்சுமா சும்மா வந்துட்டீங்க? செடி போயிடுமே!"

"போயிடும். இன்னும் கொஞ்ச நாள்தான் தாங்கும்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கேட்கலாம்தான். கேட்டு, மாட்டேன்னு சொல்லிட்டாங்கன்னா? அப்புறம் தொட்டியையும் எடுத்துட்டு வந்துடணும். எந்த முகத்தோட மறுபடி அங்கே வர்றது?"

திரும்பி நடக்கும்போது எனக்குக் கோபமான கோபம். இந்தப் பக்கம் ஒருத்தி கிள்ளுகிறாள், அந்தப் பக்கம் ஒருத்தர் கண்டும் காணாமல் இருக்கிறார், நடுவில் ஒரு வாயில்லாத ஜீவன் வாடிக்கொண்டிருக்கிறது. பாதி வழியில் கோபம் வடிந்து வேறொன்று வந்து நின்றது. நான் சொன்னால் அண்ணி போய்விடுவார். அடுத்த தெருதான், ஆனாலும் போய்விடுவார். பின்னறையில் நானும் பாய்லரும் மட்டும். சொல்லாவிட்டால் செடி போகும், செடியோடு அவரும் போவார், அண்ணி மறுபடி வாசல் மணிக்குத் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார். அதை இன்னொரு கோடை பார்க்க என்னால் முடியாது.

கடையில் அண்ணி ஒரு மேஜைவிரிப்பில் மசிக் கறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, அவர் ரூம்ல வெயில் கொட்டுது. ஏழெட்டுத் தொட்டி இருக்கு. எல்லாம் இலை விட்டிருக்கு. ஹீட்டரும் இருக்கு."

அண்ணியின் கை நிற்கவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தார். கறை போன பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "அப்படியா" என்றார். அவ்வளவுதான்.

அன்றைக்கே செடிக்குத் தண்ணீர் விட்டார். கிள்ளுகிற வேலை நின்றது. சுருங்கின தண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது. அடுத்த வாரம் கடிகாரக்காரர் வந்தபோது கிளைக்குக் கிளை பச்சை. அதைப் பார்த்ததும் அவர் அப்படியே நின்றுவிட்டார். செடி பிழைத்ததற்குச் சந்தோஷப்படுவதா, எடுத்துக்கொண்டு போகவேண்டியதற்கு அழுவதா என்று தெரியாத முகம்.

"இலை வந்துடுச்சு" என்றார் அண்ணி.

"ஆமா, வந்துடுச்சு." அவர் தொட்டியைத் தொடவே இல்லை. "ஆனா என் ரூம் இன்னும் கொஞ்சம் குளிராத்தான்..."

"குளிருதா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சுருக்கமே இல்லாத ஒரு தலையணை உறையை மும்முரமாக நீவினேன்.

"அப்போ நானே வந்து பார்க்கறேன், எவ்வளவு குளிருதுன்னு. குளிரா இருந்தா செடியைத் திருப்பிக் கொண்டாந்துடறேன்" என்றார் அண்ணி. முன்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தொட்டியைத் தூக்கினார். "இல்லைன்னா, நான் எதுக்கு இத்தனை இலையைக் கிள்ளினேன்னு அங்கேயே உட்கார்ந்து சொல்றேன்."

கடிகாரக்காரர் ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். கதவு தாண்டியதும் தொட்டியின் ஒரு பக்கத்தை அவரும் பிடித்துக்கொண்டார். தனியாளாகத் தூக்கக்கூடிய தொட்டிதான்.

இரண்டு படி இறங்கின அண்ணி, தொட்டியை அவர் கையில் விட்டுவிட்டுத் திரும்பி உள்ளே வந்தார். எதையோ மறந்துவிட்டாராக்கும் என்று பார்த்தேன். நேராக என்னிடம் வந்து, என் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை வாங்கி நிமிர்த்தி வைத்தார்.

"அன்னிக்குக் காலையில ஷட்டருக்கு வெளியே நின்னது நீதானே? உன் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா?"

நான் தலையணை உறையின் நுனியைத் திருகினேன்.

"ரெண்டு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு இருக்க மாட்டே. இத்தனை வாரம் எப்படி இருந்தே? எதுக்கு இருந்தேன்னும் தெரியும்." என் கன்னத்தை ஈரக் கையால் தட்டினார். "நான் எங்கே போனாலும் விடிஞ்சா கறைக்கு இங்கேதான் வரணும். ஒழுங்கா இஸ்திரியைப் பாரு."

அண்ணி போய்விட்டார். யார் யார் மனசில் என்ன என்று ஊருக்கெல்லாம் பார்த்துச் சொன்னவள் நான். என் மனசை இத்தனை வாரமாக ஒருத்தர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தது தெரியவில்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து, தலையணை உறையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

இடுப்பைப் பிடித்தபடி உள்ளே வந்த என் கணவர், "அக்கா எங்கே?" என்றார்.

"குளிருதான்னு பார்க்கப் போயிருக்காங்க" என்றேன்.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவர் ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஜன்னலைப் பார்த்தார். பிறகு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்து, "அடடா, அப்படியா விஷயம்" என்றார்.