ஐந்தாம் நாள் காய்ச்சல்

...இல்லை, மலேரியா இல்லை, இரண்டு தரம் இரத்தம் எடுத்து டொக்டர் வினிபிரட் தானே நுணுக்குக்காட்டியில் பார்த்தாயிற்று, ஒரு கிருமி இல்லை, மூன்றாம் தரம் பார்த்தாலும் இருக்கப்போவதில்லை... நோயாளி தியாகலிங்கத்தின் மேற்கையில் இரத்த அழுத்தப் பட்டியை இறுக்கிவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றாள், ஐந்து நிமிடம் போகவேண்டும். இந்திய ஆமி திரும்பிப் போய்ப் பாதை திறந்ததும் இவர் கொழும்பில் தம்பி வீட்டில் இரண்டு கிழமை நின்றவர், வந்த மறுநாளே படுத்துவிட்டார், கண்ணுக்குப் பின்னால் குத்து, எலும்பெல்லாம் உளைவு... வரும் வழியில் வன்னியில் பிடித்த மலேரியா என்று பெரிய டொக்டர் துரைராஜா சொல்லிவிட்டுப் போனார், வன்னி நுளம்பு கடித்து அடுத்த நாளே மலேரியா வருமா, அது அவருக்குத் தெரியாததா, அவசரத்தில் யோசித்திருக்க மாட்டார். பட்டியைத் தளர்த்தினாள். முழங்கை மடிப்புக்குக் கீழே குங்குமம் தெறித்தது போல, தோலுக்குள் இரத்தம் கசிந்த சிவப்புப் புள்ளிகள், எண்ணவே தேவையில்லை... டெங்கு, இரத்தம் கசியவைக்கிற டெங்கு, கொழும்புச் சிநேகிதி போன மாதம் கடிதத்தில் எழுதியது இதைத்தான். “காய்ச்சல் விட்டிட்டுது டொக்டர், வீட்டை கூட்டிக்கொண்டு போகட்டே?” மனைவி கமலாவதி உடுப்புகளைப் பையில் அடுக்கத் தொடங்கிவிட்டாள். விட்டதுதானே பயம்... கை குளிர்ந்திருக்கிறது, நாடி நூலாக ஓடுகிறது. “அம்மா, காய்ச்சல் விடேக்கைதான் இந்த வருத்தம் ஆளை விழுத்தும். நாளையிண்டை வரைக்கும் இவர் என்ரை கண்ணுக்கு முன்னாலை கிடக்கவேணும்.”

சேலைன் ஏற்றி, அரை மணிக்கொருதரம் நாடி பிடித்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து... பின்னேரம் நாடி நிமிர்ந்தது, சிறுநீரும் போனார், குடிக்க ஏதாவது தாருங்கோ என்று தானாகவே கேட்டார். எட்டிப் பார்த்த துரைராஜா கைப் புள்ளிகளைத் தடவிவிட்டு, “உம்மடை கணிப்புத்தான் சரி, பிள்ளை” என்றார். சரிதான், அவளுக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை... ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது.

“அப்ப நான் ஒருக்கா கொக்குவிலுக்கு வீட்டை போட்டு வாறன் டொக்டர்,” கமலாவதி செருப்பைத் தேடினாள், “மகளுக்கும் முந்தநாள் துவக்கம் உடம்பு காயுது, கண்ணுக்குப் பின்னாலை குத்துதாம்.” “அவவும் கொழும்புக்குப் போனவவோ?” “ஐயோ, அவள் வீட்டு ஒழுங்கையைத் தாண்டி எங்கை போறவள்?” “உடனை இஞ்சை கூட்டிக்கொண்டு வாங்கோ, பிந்தாதேங்கோ.”

கமலாவதி ஓடினாள். தகப்பனைக் கடித்த நுளம்பு மகளைக் கடித்திருக்கும்... இல்லை, அந்த நுளம்பின் உடம்பில் கிருமி முற்ற ஒரு கிழமைக்கு மேல் செல்லும், பிறகு மகளுக்குக் காய்ச்சல் எழும்ப இன்னும் நாலைந்து நாள், இவர் வந்தே ஆறு நாள்தான். அப்படியென்றால் இவர் கொண்டுவரவில்லை, இது முன்னமே இங்கே இருந்திருக்கிறது... எவ்வளவு காலமாக? போன மாதம் மலேரியா இல்லை என்று கண்டு, காய்ச்சல் விட்டதும் சிரித்த முகத்தோடு வீட்டுக்கு அனுப்பிய உடுப்பிட்டியிலிருந்து வந்த அந்தப் பெண், பெயர் என்ன, இரண்டாம் முறை வந்து காட்டச் சொன்னேனே... அவள் ஏன் வரவில்லை?